இடுப்பில் கட்டிய கால்

ட்ரேயை மூடியிருந்த பச்சைத் துணியை டாக்டர் ஹால்பர்ட் விலக்கியதுமே ஆஸ்பத்திரியின் எலும்பு டாக்டர் லொசலினியின் முகம் மாறிவிட்டது. உள்ளே இரண்டு எஃகுக் கம்பிகள் கிடந்தன. பென்சிலில் பாதித் தடிமன், முனையில் திருகு வெட்டு. ஒன்று கணைக்கால் எலும்பைத் துளைத்துக்கொண்டு போகும், மற்றது குதிகால் எலும்பை. இரண்டையும் இணைக்க ஒரு சட்டம். அந்தச் சட்டத்தைத் திருகத் திருகக் கணுக்கால் மூட்டு அகன்றுகொடுக்கும், கேமராக் குழாய் உள்ளே போக இடம் கிடைக்கும்.

“இது வேண்டாம்,” என்றாள் லொசலினி.

“எனக்கு மட்டும் ஆசையா?” என்றார் ஹால்பர்ட். “பாதத்துல மாட்டி இழுக்கிற பட்டையும், மேசையில பொருத்துற கையும் ஒரே பெட்டியில இருந்துச்சு. அந்தப் பெட்டி நாடி ஏர்போர்ட்டுல வேற விமானம் ஏறிடுச்சு. இப்போ எந்தத் தீவுல இருக்கோ. பழைய செட்டு இது ஒண்ணுதான் கையில இருக்கு.”

“பேண்டேஜ் இருக்கு. என் இடுப்பு இருக்கு. பாதத்துல கட்டி இடுப்புல மாட்டிக்கிட்டுப் பின்னால சாஞ்சா மூட்டு திறக்கும். ரெண்டு கையும் ஃப்ரீயா இருக்கும்.”

ஹால்பர்ட் சிரித்தார். கேலியாக இல்லை, களைப்பாகத்தான் சிரித்தார். பிரிஸ்பேனிலிருந்து வருஷத்துக்கு ஒரு வாரம் தன் ஆட்களோடும் மெஷினோடும் வந்து, வனுவா லெவு தீவின் வடக்குக் கரையில் இருக்கும் வைதம்பு ஆஸ்பத்திரியில் கூலி வாங்காமல் ஆபரேஷன் செய்துவிட்டுப் போகிறவர் அவர். முழங்காலில் அவர் கை வைத்தால் பாதிப் பேர் மறுவாரமே கரும்புக் காட்டுக்குள் இறங்கிவிடுவார்கள். கெட்ட மனிதர் என்று லொசலினி ஒருநாளும் சொன்னதில்லை.

“லோசா, இந்தக் கம்பியை வச்சு நான் எத்தனை கால் பார்த்திருப்பேன்னு எனக்கே தெரியாது. உள்ள தெளிவாத் தெரியும். கை நடுங்காது, சட்டம் நகராது. உன் இடுப்பு நகரும்.”

“போன வருஷம் இலைசாவுக்கும் இதே கம்பிதானே?”

அவர் கம்பிகளை நேராக்கி வைத்தார். “அது அபூர்வமா நடக்கிறது.”

“இருக்கலாம் டாக்டர். அந்த அபூர்வம் என் வார்டுலதான் படுத்திருந்துச்சு. உங்க வார்டுல இல்லை.”

இலைசா கரும்பு லாரி ஓட்டிக்கொண்டிருந்தவன். ஹால்பர்ட் குழு விமானம் ஏறிய மறுவாரம் அவன் கணைக்காலில் கம்பி போன துளையில் சீழ் வைத்தது. லொசலினி அதை ஆற்றி அவனை வீட்டுக்கு அனுப்பினாள். துளை பலவீனப்படுத்திய இடத்தில், லாரியிலிருந்து கீழே குதித்தபோது எலும்பு முறிந்தது. மறுபடி வந்தான். மழைக்காலம் முழுக்க லொசலினிதான் அவனுக்குக் கட்டுப்போட்டு, கட்டவிழ்த்து, புண்ணைக் கழுவிக்கொண்டிருந்தாள். அவன் மனைவி தினமும் வாசலில் நின்று ஒரே கேள்வியைக் கேட்பாள்: “அந்த வெள்ளைக்கார டாக்டர் எப்ப வருவார்?” இலைசா இப்போது நடக்கிறான், ஆனால் லாரியில் அவன் தம்பிதான் உட்கார்ந்திருக்கிறான்.

“நீங்க ஞாயித்துக்கிழமை போயிடுவீங்க,” என்றாள் லொசலினி. “திங்கட்கிழமை அந்தத் துளையைப் பார்க்கப்போறது நான். என் தியேட்டர்ல இனி ஒரு கால்லயும் அந்தக் கம்பி இறங்காது.”

ஹால்பர்ட் துணியை மறுபடி மூடிவிட்டு, கையுறையைக் கழற்றிப் போட்டார்.

ஒரு மணி நேரம் ஆவதற்குள் சூப்பிரண்டு டாக்டர் விலிசோனி அவளைத் தன் அறைக்கு அழைத்துவிட்டார். மின்விசிறி அவர் தலைமுடியைக் கலைத்துக்கொண்டிருந்தது. “லோசா, என்னம்மா இது? அந்த மெஷின் யாரோடது? கேமரா யாரோடது? அவர் கோவிச்சுக்கிட்டு மூட்டை கட்டினா முழங்கால் வலியோட வெளிய உட்கார்ந்திருக்கிற அத்தனை பேருக்கும் நீ என்ன சொல்லுவே?”

“முழங்கால் எல்லாம் அவரே செய்யட்டும் சார், அதுல அவரைவிட்டா ஆள் இல்லை. கணுக்கால் ஒண்ணுதான் நான் கேக்கறேன்.”

“அந்தக் கணுக்கால்காரி உனக்குச் சொந்தக்காரியாமே.”

“இந்தத் தீவுல யாரு சார் எனக்குச் சொந்தமில்லை? நீங்களே எங்க பெரியம்மா வழியில் வர்றீங்க.”

அவர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். “நீ பிரிஸ்பேன்ல ஒரு வருஷம் படிச்சதே அவர் சிபாரிசுலதான். ஞாபகம் இருக்கில்ல?”

“இருக்கு சார். அங்கதான் இடுப்புல கட்டி இழுக்கிறதைக் கத்துக்கிட்டேன்.”

அது உண்மை. அங்கே இரண்டு முறையையும் செய்யும் டாக்டர்கள் இருந்தார்கள். கம்பியை அநேகமாக எல்லோரும் ஒதுக்கிவிட்டிருந்தார்கள். சிலர் மேசையில் பொருத்திய கருவியால் இழுத்தார்கள், சிலர் துணிப்பட்டையைத் தங்கள் இடுப்பில் மாட்டிக்கொண்டார்கள். ஒரு நாள் பட்டையைக் கட்டிக்கொள்ள லொசலினியின் முறை வந்தபோது, பின்னால் நின்ற பையன்களில் ஒருவன், “பாத்து, கால் கையோட வந்துடப்போகுது,” என்றான். எல்லோரும் சிரித்தார்கள். அவள் ஆறடிக்குச் சற்றுக் குறைவு, அகலமும் அதற்கேற்றபடி. சின்ன வயதில் பள்ளிக்கூடக் கயிறிழுப்பில் எப்போதும் கடைசி ஆளாக, கயிற்றை இடுப்பில் சுற்றிக்கொண்டு நிற்கிறவள். அன்று சிரித்தவர்களை அவள் திரும்பிப் பார்க்கவில்லை. மெல்லச் சாய்ந்தாள். மூட்டு ஒரு கதவு திறப்பதுபோலத் திறந்தது. அதற்குப் பிறகு அங்கே ஒருவரும் சிரிக்கவில்லை.

சாயங்காலம் வார்டில் அந்தக் கணுக்கால்காரி விநியானா கட்டிலில் சம்மணம்போட முடியாமல் ஒரு காலை நீட்டி உட்கார்ந்து, நர்சு ஷலேஷ்னி கொண்டுவந்த ரொட்டிப் பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டிருந்தாள். விநியானாவுக்குச் சர்க்கரை ஆலையின் எடைமேடையில் வேலை, சனிக்கிழமைகளில் ரக்பி ரெஃப்ரி. அந்தத் தீவில் ஆண்கள் ஆட்டத்துக்கு விசில் ஊதும் ஒரே பெண். ஒரு வருஷமாக ஓடிக்கொண்டிருக்கும்போதே கணுக்கால் பூட்டுப்போட்டதுபோல நின்றுவிடுகிறது. உடைந்த குருத்தெலும்புத் துண்டு ஒன்று மூட்டுக்குள் உருண்டுகொண்டிருக்கிறது, முன்விளிம்பில் எலும்பு கூராக வளர்ந்திருக்கிறது. ஸ்கேனில் இரண்டும் தெரிந்தன. ரெஃப்ரிகளின் தலைமைக் குழுவில் இடம் வேண்டுமென்றால் ஓட்டத் தேர்வில் தேறவேண்டும். போன தடவை பாதியில் உட்கார்ந்துவிட்டாள், மைதானத்து வேலியோரம் கேலியாகக் கைதட்டினார்கள்.

லொசலினியின் தாய்மாமன் மகள் அவள். அத்தை மகளும் மாமன் மகளும் ஒருத்தியை ஒருத்தி வாரினால்தான் அங்கே மரியாதை.

“வா மதினி,” என்றாள் விநியானா. “பார்த்து உக்காரு, கட்டில் சர்க்காரோடது.”

“நீ ஓடறதைப் பார்த்தா கட்டிலே ஓடிடும்.” லொசலினி உட்கார்ந்து ரொட்டியில் ஒரு துண்டைப் பிய்த்து வாயில் போட்டுக்கொண்டாள். பிறகு கேலியை விட்டுவிட்டுச் சொன்னாள். கம்பி என்றால் என்ன, அதில் என்ன நன்மை, இலைசாவுக்கு என்ன ஆனது. பட்டை கட்டி இழுத்தால் என்ன நன்மை, என்ன கெடுதல். “பட்டை அழுத்துற இடத்துல நரம்பு மரத்துப்போகலாம். அநேகமா திரும்பிடும். உன் மூட்டு இறுக்கமா இருந்தா பின்பக்கம் சரியா எட்டாமலும் போகலாம். எட்டலேன்னா நிறுத்திடுவேன். அப்புறம் நீ ஆக்லாந்துக்கோ பிரிஸ்பேனுக்கோதான் போகணும்.”

“கம்பி போட்டா எல்லாம் எட்டுமா?”

“அதிகமா எட்டும்.”

“உனக்கு எது இஷ்டம்?”

“என் இஷ்டம் கிடக்கட்டும். கால் உன்னோடது.”

விநியானா ரொட்டியைக் கீழே வைத்தாள். “இலைசா கல்யாணத்துல ஆடினான் தெரியுமா? இப்போ கடை வாசல்ல உக்காந்திருக்கான். எனக்குத் துளை வேண்டாம். உன் இடுப்புல கட்டிக்கோ. ஆனா கால் நீளமாயிடுச்சுன்னா இன்னொரு காலையும் நீதான் இழுத்துத் தரணும்.”

“வாயையும் சேர்த்து இழுக்கவா?”

“அது ஏற்கனவே நீளம்தான்.”

பக்கத்துக் கட்டில் கிழவி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

அன்றைக்கே ஹால்பர்ட் வாசலில் எதிர்ப்பட்டார். “உன் பேஷன்ட், உன் கத்தி,” என்றார். “மெஷினைத் தரேன். மூலையில நிப்பேன். ட்ரேயும் திறந்தே இருக்கும். உள்ள போக முடியலேன்னா நீயே வாய் திறந்து கேக்கணும். நானா வரமாட்டேன்.”

“கேக்க மாட்டேன் டாக்டர்.”

“பார்ப்போம்.”

மறுநாள் காலை தியேட்டரில் ஏசி இரைச்சலோடு ஓடியது. விநியானா மயக்கத்தில் இருந்தாள். தொடையின் கீழே தாங்கியை வைத்து, முழங்கால் சற்று மடங்க, கணுக்கால் அந்தரத்தில் நிற்கும்படி லொசலினி காலைப் பொருத்தினாள். கிருமி நீக்கிய அகலப் பேண்டேஜை ஷலேஷ்னி நீட்டினாள். குதிகாலுக்குப் பின்னால் ஒரு சுற்று, பாதத்தின் மேலே ஒரு சுற்று, எட்டுப்போல. அழுத்தம் ஒரே இடத்தில் விழாமல் அடியில் பஞ்சு மெத்தை. தொங்கிய வளையத்தைக் கவுனுக்கு வெளியே தன் இடுப்பில் மாட்டி ஷலேஷ்னியை முடிச்சுப்போடச் சொன்னாள்.

“டாக்டர், இது தாங்குமா?” ஷலேஷ்னி கிசுகிசுத்தாள்.

“நான் தாங்குவேன். முடிச்சு தாங்குமான்னு பாரு.”

முதலில் ஊசியால் மூட்டுக்குள் உப்புநீரை ஏற்றினாள், உறை உப்பி எழுந்தது. முன்புறத் தசைநாரின் உட்பக்கத்தை ஒட்டிச் சின்ன வெட்டு. தோலை மட்டும் கத்தியால், உள்ளே மொண்ணை முனையால் விலக்கிக்கொண்டு. வெளிப்பக்கம் போகும்முன், நான்காவது விரலை வளைத்துப் பாதத்தை உள்நோக்கித் திருப்பிப் பார்த்து மயக்கம் கொடுக்குமுன்பே பேனாவால் குறித்துவைத்திருந்த நரம்புக்கோட்டைத் தவிர்த்து அடுத்த வெட்டு. கேமராக் குழாய் உள்ளே போனது. திரையில் வெள்ளைப் பஞ்சுபோன்ற சவ்வுதான் தெரிந்தது.

மெல்லச் சாய்ந்தாள். ஒன்றும் திறக்கவில்லை.

இன்னும் சாய்ந்தாள். பேண்டேஜ் இடுப்பில் ஏறி வெட்டியது. திரையில் இரண்டு எலும்புகளும் பல்லைக் கடித்துக்கொண்டதுபோல ஒட்டியே இருந்தன. குழாயை வலுவில் நுழைத்தால் குருத்தெலும்பு கீறிக்கொண்டு போகும். அவள் நுழைக்கவில்லை. மாஸ்க்குக்குள் மூச்சு சூடாகத் திரும்பி வந்தது.

“ட்ரே திறந்தே இருக்கு,” என்றது மூலையிலிருந்து ஒரு குரல். அதில் கேலி இல்லாததுதான் அவளுக்கு எரிச்சலாக இருந்தது.

‘இவர் சொல்வதே சரியாக இருந்துவிட்டால்? வீம்புக்கு ஒருத்தியின் காலைப் பிடித்து வைத்திருக்கிறேனோ?’ உடனே இலைசாவின் கணைக்கால் நினைவுக்கு வந்தது. வீம்புதான், இருக்கட்டும் என்று எண்ணிக்கொண்டாள். நிறுத்த வேண்டுமென்றால் நிறுத்துவாள். கம்பியை மட்டும் கேட்கமாட்டாள்.

“டாக்டர், தசையை இன்னும் தளர்த்துங்க,” என்று தலைமாட்டில் இருந்த மயக்க டாக்டரிடம் சொன்னாள். “கெண்டைச்சதை இன்னும் சண்டை போடுது.”

அவர் மருந்தேற்றினார். லொசலினி இழுப்பதை விட்டாள். முற்றாக விட்டுவிட்டு, பாதத்தைக் கையாலேயே மேலும் கீழும் ஆட்டி, மூட்டைச் சமாதானப்படுத்துவதுபோல அசைத்தாள். பிறகு காலை அகட்டி வைத்தாள். சிறுவயதில் கயிற்றை இடுப்பில் சுற்றிக்கொண்டு நின்றபோது கற்ற பாடம் அது. வெடுக்கென்று இழுப்பவன் தோற்பான். எடையைக் குதிகாலுக்கு இறக்கி, விடாமல், அவசரப்படாமல், மூச்சை விட்டுக்கொண்டே சாயவேண்டும்.

திரையில் ஒரு கறுப்புக் கோடு விழுந்தது. கோடு கீற்றானது. கீற்று அகலமானது.

“திறக்குது!” ஷலேஷ்னி கத்தியே விட்டாள்.

“பேசாதே, தண்ணியை அதிகப்படுத்து.”

இடைவெளியின் ஆழத்தில் அது கிடந்தது. பயறுபோல வழவழப்பாக, தண்ணீரின் ஓட்டத்தில் லேசாக ஆடிக்கொண்டு. லொசலினி இடுக்கியை நீட்டியதும் பின்பக்கம் நழுவி ஓடியது. இன்னும் சாய்ந்தாள். மறுபடி நீட்டினாள், மறுபடி நழுவியது. அவள் நீரோட்டத்தை நிறுத்தச் சொல்லிவிட்டுக் காத்திருந்தாள். துண்டு தானாக மெல்ல மிதந்து முன்னால் வந்தது. பிடித்தாள். வெட்டைச் சற்று அகலமாக்கி வெளியே எடுத்து ஷலேஷ்னியின் கிண்ணத்தில் போட்டபோது ‘டிக்’ என்று சத்தம் வந்தது.

அந்தத் துண்டு உடைந்த பள்ளம் பின்மூலையில் இருந்தது. அதன் முன்பாதியைச் சுரண்டி, எலும்பில் ரத்தம் கசியும்படி சிறு துளைகள் இட்டாள். பின்பாதி எட்டவில்லை. இரண்டு முறை முயன்றாள். மூன்றாவது முறை கருவி நல்ல குருத்தெலும்பை உரசப்போவதைப் பார்த்ததும் கையை எடுத்துவிட்டாள்.

“முடிச்சை அவிழு,” என்றாள்.

“எதுக்கு?” ஹால்பர்ட் மூலையை விட்டு ஓரடி முன்னால் வந்திருந்தார். “முன்விளிம்பு எலும்பு இன்னும் பாக்கி இருக்கே.”

“அதுக்குத்தான். இழுத்தா முன்பக்க உறை இறுகி எலும்புமேல ஒட்டிக்கும். விட்டுட்டுப் பாதத்தை மேல மடக்கினா உறை தளரும், முன்னால இடம் கிடைக்கும்.”

“சரிதான்,” என்றார் அவர், தனக்குத்தானே சொல்லிக்கொள்வதுபோல.

லொசலினி விநியானாவின் உள்ளங்காலைத் தன் வயிற்றில் முட்டுக்கொடுத்து மேல்நோக்கி மடக்கினாள். கூராக வளர்ந்த எலும்பைச் சீவி எடுத்தாள். பாதத்தை முழுக்க மடக்கிப் பார்த்தாள், எதுவும் இடிக்கவில்லை. தையல் போட்டு நிமிர்ந்தபோது இடுப்பில் பேண்டேஜ் பதிந்த இடம் நெருப்பாக எரிந்தது.

கைகழுவும் தொட்டியடியில் ஹால்பர்ட் பக்கத்தில் வந்து நின்றார். “பின்மூலையை விட்டுட்டே.”

“ஆமா. விட்டேன்.”

“கம்பி போட்டிருந்தா எட்டியிருக்கும்.”

“எட்டியிருக்கும். ரெண்டு துளையும் இருந்திருக்கும். விட்டது தெரிஞ்சுதான் விட்டேன் டாக்டர். வலிச்சா அவ என் வாசலுக்குத்தான் வருவா, நான் இங்கதான் இருப்பேன்.”

அவர் கையைத் துடைத்துக்கொண்டார். “இலைசாவை நான் ஒரு தடவை பார்க்கணும்,” என்றார். “வீடு எங்க?”

அவளே கூட்டிப் போனாள். இலைசா தகரக்கடை வாசலில் பாய் விரித்து, விருந்தாளிக்குத் தரும் யங்கோனா வேர்ப்பானம் கரைத்துக் கொடுத்தான். கோபித்துப் பேசவில்லை, சிரித்தும் பேசவில்லை. அவன் மனைவிதான் உள்ளேயிருந்து கேட்டாள். “இவ்வளவு நாள் கழிச்சு எதுக்கு?” லொசலினி அதை ஒரு வார்த்தை குறைக்காமல் மொழிபெயர்த்தாள். ஹால்பர்ட் தலை குனிந்து அந்தக் காலின் தழும்பைத் தடவிப் பார்த்தார். “நான் வந்திருக்கணும்,” என்றார். அதையும் மொழிபெயர்த்தாள்.

ஆனால் காரியங்கள் இனிப்பாக முடிந்துவிடவில்லை. அடுத்த வருஷம் குழு வைதம்புவுக்கு வரவில்லை. ஹால்பர்ட்டுக்கு உடம்பு முடியவில்லை என்றார்கள், குழுவின் மற்ற ஆட்கள் ‘ஒத்துழைப்பு உள்ள’ வேறு ஊருக்குப் போய்விட்டார்கள் என்றும் சொன்னார்கள். முழங்கால் வலிக்காரர்கள் லொசலினியைச் சந்தையில் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். ஒருவன் நேராகவே கேட்டான். “உன் சொந்தக்காரி காலுக்காக எங்க காலை எல்லாம் வித்துட்டியா?” வீட்டுக்கு வந்து மரவள்ளிக் கிழங்கு உரிக்கும்போது அவளுக்குக் கண் கலங்கியது, வெங்காயம் இல்லாமலே.

மறுவாரம் தலைநகர் சுவாவுக்குப் படகேறினாள். சுகாதார அமைச்சகத்தில் ஒரு அதிகாரி, “நீங்க பிடிவாதக்காரின்னு கேள்விப்பட்டேன்,” என்றார்.

“சரியாத்தான் கேட்டிருக்கீங்க சார். மூலையில போட்டு வச்சிருக்கிற பழைய கேமரா மெஷினை எங்களுக்குக் கொடுங்க. வர்றவங்களை நம்பியே எத்தனை வருஷம் காத்திருக்கிறது?”

“அது பாதி நாள் வேலை செய்யாதும்மா.”

“மீதி நாள் செய்யுமில்ல? அது போதும்.”

மூன்று முறை போய் அதே நாற்காலியில் உட்கார்ந்த பிறகு மெஷின் படகில் வந்தது. முழங்கால்களை அவளே ஒவ்வொன்றாகப் பார்க்க ஆரம்பித்தாள். ஹால்பர்ட் அளவுக்கு வேகம் வரவில்லை. சந்தையில் முகங்கள் மெதுவாகத்தான் அவள் பக்கம் திரும்பின, சில திரும்பவே இல்லை.

ஆபரேஷனுக்குப் பிறகு விநியானாவின் பாதத்தின் மேல்புறம் சில வாரங்கள் மரத்தே இருந்தது. “எறும்பு ஊருது மதினி, உன் கைராசி,” என்று திட்டிக்கொண்டே இருந்தாள். பிறகு எறும்பு போய்விட்டது. குளிர்காலக் காலைகளில் பின்மூலையில் கொஞ்சம் வலி இருந்தது, அது போகவில்லை. ஓட்டத் தேர்வில் முதல் முறை தோற்றாள். அடுத்த முறை தேறினாள்.

சீசனின் இறுதி ஆட்டத்துக்கு லொசலினி தகரக்கூரைக்குக் கீழே இடம்பிடித்து உட்கார்ந்தாள். மழை பெய்து மைதானம் சேறாகியிருந்தது. ஊர்க் கிளப் தலைவரின் மருமகன், நட்சத்திர ஆட்டக்காரன், எதிராளியைக் கழுத்தோடு பிடித்துத் தரையில் போட்டான். விநியானா அந்தக் கோடியிலிருந்து இந்தக் கோடிக்குச் சேற்றில் ஓடிவந்து, விசில் ஊதி, சிவப்பு அட்டையைத் தூக்கிக் காட்டினாள்.

கூட்டம் எழுந்து நின்றது. தலைவரே கயிற்றைத் தாண்டி உள்ளே வந்தார். “உனக்கு என்னடி தெரியும்? போய் அடுப்பைப் பாரு!”

விநியானா அட்டையை இறக்கவில்லை. “நீங்க கோட்டுக்கு வெளிய போங்க ஐயா. இல்லேன்னா உங்களுக்கும் ஒண்ணு இருக்கு.”

வேலியோரம் ஒருவன் கத்தினான். “நொண்டி ரெஃப்ரி!”

லொசலினி எழுந்தாள். அவள் எழுந்தால் பின்னால் மூன்று வரிசைக்கு மைதானம் தெரியாது. “யாருடா அது நொண்டி? நீ ஓடி அவளைப் பிடி பார்ப்போம்!” அவள் குரல் ஆலைச் சங்குபோல எழுந்தது. முன்வரிசையில் ஷலேஷ்னியும் குடையை உயர்த்திக் கத்தத் தொடங்கினாள்.

மருமகன் துப்பிவிட்டு வெளியே நடந்தான். தலைவர் முணுமுணுத்துக்கொண்டே கயிற்றைத் தாண்டினார். விநியானா முகத்தில் வழிந்த மழையைப் புறங்கையால் துடைத்துவிட்டுக் கையை உயர்த்தி, ஆட்டம் தொடரட்டும் என்று விசில் ஊதினாள். பந்து ஆட்டக்காரர்களின் நெரிசலிலிருந்து வெளியே பறந்தது. அவள் அதன் பின்னால் ஓடினாள்.